சாம்பலுக்கு ஒரு மூடி

அந்தக் கொட்டகையில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். எண்ணெய்ப் பீப்பாயைத் திறந்துபோட்டால் பக்கத்துப் பட்டறைப் பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். சாம்பல் டின்னைத் திறந்துபோட்டவனை மட்டும் பாப்பா சும்மா விட்டதில்லை.

"திறந்தா மூடணும். மூடத் தெரியாதவன் திறக்கக் கூடாது" என்பாள். ஒரு தடவை சொல்லி நிறுத்துகிற ரகமில்லை. மூடியை அழுத்தும்போது ஒரு தடவை, அதைச் சுற்றி ஒட்டுநாடாவை இழுக்கும்போது ஒரு தடவை, ஒட்டி முடித்துக் கையைத் தட்டும்போது இன்னொரு தடவை.

வேன் டிரைவருக்கு அது தினசரி வேடிக்கை. உணவகங்களில் பொரித்து முடித்த எண்ணெயைக் கேனில் வாங்கி வருவது அவர் வேலை. ஐம்பத்தைந்து வயது, அதில் முப்பது வருடம் வாய்க்கு ஓய்வில்லை.

"என் சம்சாரம் சோத்துப் பானையைக்கூட இப்படிக் காவல் காக்க மாட்டா பாப்பாம்மா. நீங்க சாம்பலுக்குப் போய்ப் பாரா நிக்கிறீங்க."

"சோறு கெட்டா மூக்கு சொல்லிடும். சாம்பல் கெட்டா யாரு சொல்லுவா? நான்தான் சொல்லணும்."

பாப்பாவுக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டில் கடைசியாகப் பிறந்ததால் ஒட்டிய பெயர். அண்ணன் கூப்பிட்டான், அண்ணி கூப்பிட்டாள், பிறகு கொட்டகையே கூப்பிட்டது. தலையில் நரை வந்த பிறகும் பெயர் மட்டும் தவழ்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. இரண்டு தெரு தள்ளிக் குழந்தைகளுக்கான மாவு தயாரிக்கும் தொழிற்சாலை இருந்தது. வாழைப்பழத்தை உரித்து, கூழாக்கி, உலர்த்திப் பொட்டலம் போடுவார்கள். பழம் உள்ளே போகும். தோல் மூட்டை மூட்டையாகப் பின்வாசல் வழியே வெளியே வரும். அந்தத் தோலை வாங்கிக்கொள்ள ஈயைத் தவிர யாருமில்லை. பாப்பா அதை வாங்கி வந்து தகரத்தில் பரப்பி, கையால் ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை காய வைப்பாள். பிறகு பீப்பாயில் போட்டு எரிப்பாள். அதில் வருவது கறுப்புச் சாம்பல். அதை வைத்து ஒன்றும் கிழிக்க முடியாது, பாதி கரி. அதை மின்னுலையில் எழுநூறு டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்தால் கரி முழுக்கப் போய், வெளுத்த சாம்பல் மிஞ்சும். "கறுப்பு சோம்பேறி, வெள்ளை வேலைக்காரி" என்பாள். ஒரு மூட்டை தோல் கடைசியில் ஒரு டம்ளர் சாம்பலாகும்.

அந்த ஒரு டம்ளர் என்ன வேலை செய்யும் என்பதை அவள் டிரைவருக்குத் தன் கையைக் காட்டித்தான் விளக்கினாள்.

"இது எண்ணெய்னு வெச்சுக்குங்க." சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் மடக்கி மூன்று விரலை நீட்டினாள். "இந்த உள்ளங்கைதான் கிளிசரின். மூணு விரலும் எரியற சரக்கு. கையோட ஒட்டியிருக்கிறவரைக்கும் எண்ணெய் கொழகொழன்னுதான் இருக்கும். வண்டிக்கு ஊத்தினா எஞ்சினுக்குத் தொண்டை அடைக்கும். அதனால விரலைக் கழட்டணும். கழண்ட விரலை மெத்தனால்ங்கற ஸ்பிரிட் வந்து ஒண்ணொண்ணாப் பிடிச்சுக்கும். வெறும் உள்ளங்கை கனம் தாங்காம அடியில போய்க் கறுப்பாப் படியும். மேல தேன் கலர்ல நிக்கும் பாருங்க, அதுதான் டீசலுக்குப் பதில் டீசல்."

"விரலைக் கழட்டறது யாரு? ரௌடியா?"

"அதுக்குத்தான் சாம்பல். மத்தவங்க எல்லாம் காஸ்டிக் சோடா வாங்கிப் போடறாங்க. அதே காரம் இந்தத் தோலுக்குள்ளயும் இருக்குது. உள்ள புகுந்து விரலைக் கழட்டி விட்டுட்டு அது பாட்டுக்கு வெளிய வந்துடும். எதோடயும் ஒட்டாது."

"அப்ப இந்தத் தண்ணி தண்ணின்னு பயப்படறீங்களே, அது எதுக்கு?"

"தண்ணி உள்ள இருந்தா, கழண்ட விரலு மெத்தனாலைப் பிடிக்காம காரத்தையே பிடிச்சுக்கும். அப்ப வர்றது எரிபொருள் இல்ல, சோப்பு."

டிரைவர் தன் மூன்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழத்தைத் தின்னது எவனோ. தோல்ல வழுக்கி விழறவன்தான் நம்மாளுன்னு நெனச்சேன். அதுலயும் வண்டி ஓட்டறீங்களே."

இதில் ஒரு சங்கடம் உண்டு. நன்றாக வெளுத்த சாம்பலுக்குத் தாகம் அதிகம். தண்ணீரைப் பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டாம். காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சும். வெயில் நாளில் ஒரு மணி நேரம் பொறுக்கும். மழை நாளில் திறந்து வைத்தால் கண்ணெதிரே குடித்துக்கொண்டிருக்கும், ஆனால் நமக்குத் தெரியாது. அதனால்தான் மூடி, ஒட்டுநாடா, பாரா எல்லாம்.

பாப்பா படித்தவள் அல்ல. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் கண்ணாடிச் சாமான் கழுவினாள். கழுவுகிறவளுக்கு முன்னால் யாரும் எதையும் மறைத்துப் பேசுவதில்லை. காதில் விழுந்ததெல்லாம் மிச்சம். கணவன் வேறொருத்தியோடு போன வருடமே கல்லூரியும் அந்தக் கூடத்தை மூடியது. அண்ணன்தான் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வா பாப்பா, என் வீடு இருக்குது" என்றான். அதை அவள் மறக்கவில்லை. மறக்க விட்டிருந்தால்தானே.

அப்போது அண்ணனின் இந்தக் கொட்டகையில் காஸ்டிக் சோடாதான். தோல் மூட்டை ஏதோ உரத்துக்காக வந்து, உரமும் ஆகாமல் நாறிக்கொண்டிருந்தது. ஈத் தொல்லை பொறுக்காமல் பாப்பா ஒரு நாள் அதைப் பீப்பாயில் போட்டுக் கொளுத்தினாள். மறுநாள் மழை. பீப்பாய்க்கடியில் ஒழுகி நின்ற சாம்பல் தண்ணீரைத் துடைக்கப் போனவளுக்கு விரல்கள் வழுக்கின. பதினோரு வருடம் எத்தனையோ குடுவை கழுவிய விரல்கள்; அந்த வழுக்கல் காரத்தினுடையது என்று மூளைக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து பதினான்கு மாதம். எத்தனை டிகிரி, எத்தனை மணி, எந்த நிறம் என்று ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டே வந்தாள். அறுபத்துமூன்றாவது தடவை கண்ணாடிக் குடுவையில் கோடு விழுந்தது. மேலே தேன், கீழே கறுப்பு, நடுவே முடி மாதிரி ஒரு கோடு.

அண்ணன் அவளைத் தூக்காத குறை. "நம்ம குடும்பத்துல ஒரு விஞ்ஞானி!" என்று அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னான். சொல்லும்போது கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். அதை அப்போது அவள் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு நகரப் பேருந்து நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பத்துப் பேருந்துகளுக்கு இந்த எரிபொருளை ஒரு வருடம் சோதனையாக வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். அண்ணன் அன்று சாப்பிடும்போது சொன்னான்: "விண்ணப்பத்துல கண்டுபிடிச்சவர்னு ஒரு இடம் இருக்குது பாப்பா. என் பேருக்குப் பக்கத்துல உன் பேரு. போதுமா?"

போதும். அவளுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது, அதுவும் பெருமைக்காக அல்ல. அண்ணன் வீட்டில் அவள் படுத்திருந்தது தையல் மெஷினுக்கும் உடைந்த சைக்கிளுக்கும் நடுவில். தையல்கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. ஒற்றை ஜன்னல், சொந்தக் குழாய், உள்ளிருந்து பூட்டும் கதவு. வீட்டுக்கார அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டாள். பாப்பா சொன்னாள். "வாயால சொன்னா யாரு வேணா சொல்லலாம். என்ன வேலை, எங்கேன்னு பேரு போட்டு ஒரு காகிதம் கொண்டா. தனியா இருக்கிறவளுக்கு இடம் விடறேன்ல, நான் நாலும் பாக்கணும்." அண்ணனிடம் கடிதம் கேட்டபோது அவன் சிரித்தான். "வீட்டு ஆளுக்கு எவனாவது வேலைச் சான்று குடுப்பானா? இங்க உனக்கு என்ன குறை?"

குறை என்று சொன்னால் நன்றி கெட்டவள். எனவே அந்த ஒரு வரி. அச்சடித்த காகிதத்தில், முத்திரையோடு, அவள் பெயர் இருக்கும் ஒரு வரி.

குழு வருவதற்கு முந்தின நாள் மாலை நான்கு மணிக்கெல்லாம் வேலை முடிந்தது. எண்ணெயை நூற்றுப் பத்து டிகிரிக்குக் காய்ச்சி ஈரத்தை விரட்டி, வடிகட்டி வைத்தாள். ஒரு டின் வெள்ளைச் சாம்பலை மூடி, நாடா ஒட்டி மேஜைமேல் வைத்தாள். அதே தடவை எடுத்ததில் மிஞ்சியதை இன்னொரு டின்னில் அடைத்து உலைக்குப் பின்னால் அலமாரியில் வைத்தாள். அது அவள் பழக்கம். கையில் ஒன்று, காவலில் ஒன்று. டிரைவர் பார்த்துவிட்டு, "பேருந்துக்கு உதிரி டயர் மாதிரியா?" என்றார்.

"ஆமா. பஞ்சர் ஆகாதவரைக்கும் எல்லாரும் கிண்டல்தான் பண்ணுவாங்க."

காலையில் மழை. சாரலாகப் பெய்து, சுவரெல்லாம் வியர்த்திருந்தது. பாப்பா ஏழு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். குடையை மடக்கக்கூட இல்லை. மேஜை கண்ணில் பட்டது.

வெள்ளைத் துணி விரித்திருந்தது. அதன் நடுவில் அண்ணியின் கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணம், வெட்டு வேலைப்பாடு செய்தது. கிண்ணம் நிறையச் சாம்பல். முன்னால் ஒரு அட்டை: "கழிவிலிருந்து ஆற்றல்." காலி டின் மேஜைக்கடியில் உருண்டு கிடந்தது, மூடி வேறு பக்கம்.

அண்ணன் மாலையில் அலங்காரம் பண்ணியிருக்கிறான். வருகிறவர்களுக்கு நசுங்கிய டின்னையா காட்டுவது என்று நினைத்திருப்பான். எண்ணெய் வாங்கவும் விற்கவும் தெரிந்தவன், சபையில் பேசத் தெரிந்தவன்; சாம்பலை மட்டும் அவன் கையால் ஒரு நாளும் அள்ளியதில்லை.

அவள் ஒரு கரண்டியை உள்ளே விட்டாள். நேற்று மாவு மாதிரி சரிந்த சாம்பல் இன்று கரண்டியை விட மாட்டேனென்றது. மேல்பரப்பு கொஞ்சம் அமுங்கி, லேசாக மினுங்கியது. பதினைந்து மணி நேரம் குடித்திருக்கிறது.

பதறவில்லை. அதற்குத்தானே இரண்டாவது டின். மணி ஏழு, குழு வருவது பத்துக்கு. கிண்ணத்தைத் துடைத்துக் காய வைத்து, கடைசி நிமிடத்தில் புதுச் சாம்பலைக் கொட்டினால் கண்ணாடிக்கும் மரியாதை, சாம்பலுக்கும் மரியாதை. ஈரச் சாம்பலை வழித்து எடுக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது. அண்ணன் மேஜையில் கோப்புக்கு மேலே சில தாள்கள் கிடந்தன. மேல் தாளை எடுத்துப் புனலாகச் சுருட்டப் போனாள்.

விண்ணப்பத்தின் நகல் அது. கையெழுத்து உலர்ந்து, முத்திரை விழுந்து, அனுப்பி முடித்ததன் மிச்சம்.

கண்டுபிடித்தவர்: அண்ணனின் பெயர். அதற்குப் பக்கத்தில் நிறைய இடம் வெறுமனே இருந்தது. ஐந்து பெயர் எழுதலாம். அதற்குக் கீழே, உதவியாளர்கள்: இருவர்.

இருவர் என்றால் அவளும் டிரைவரும். பெயரைக்கூட எழுதவில்லை. தலையெண்ணி விட்டிருந்தான்.

அவள் தாளைச் சுருட்டவில்லை. இருந்த இடத்தில், இருந்த கோணத்தில் திரும்ப வைத்தாள். கரண்டியைக் கழுவித் துடைத்தாள். அப்போது அண்ணன் உள்ளே வந்தான். புதுச் சட்டை, அதற்குமேல் மழைக்கோட்டு.

"பாத்தியா மேஜையை? எப்படி இருக்குது? நானும் உங்க அண்ணியும் சேந்து பண்ணினோம்."

"விண்ணப்பம் பாத்தேன்."

அவன் கோட்டைக் கழற்றிக்கொண்டே நின்றான். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. "அதுவா... அது வந்து பாப்பா, இந்த மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு பேரு இருந்தா சந்தேகம் வரும். உன் படிப்பு என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவே? பாத்திரம் கழுவினேன்னா?"

"ஆமா. அதைத்தான சொல்லணும்."

"அட, குடும்பத்துக்குள்ள என்ன உன் பேரு என் பேரு? எனக்கு வந்தா உனக்கு வந்த மாதிரிதான? அடுத்த தடவை போட்டுக்கலாம். இந்த நேரத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத." கோட்டிலிருந்து மறு கையும் வெளியே வந்தது. "அம்மா போனப்புறம் உன்னை நான் எப்பவாச்சும் வேறயா நெனச்சிருக்கேனா?"

வேறாக நினைத்ததில்லை, உண்மைதான். வேறு ஓர் ஆள் என்று நினைத்திருந்தால் பெயர் கேட்டு எழுதியிருப்பான்.

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். "சாம்பல் ராத்திரி பூரா திறந்து கிடந்திருக்குது அண்ணே."

"சாம்பலுக்கு என்ன பாப்பா, ஊசிப் போயிடவா போகுது?" கரண்டியை எடுத்து, கட்டியாக நின்ற இடங்களைப் பின்பக்கத்தால் தட்டித் தட்டிப் பொடியாக்கினான். நடுவில் குவித்து அழகாகக் கோபுரம் பண்ணினான். "இப்ப பாரு. பவுடர் மாதிரி."

பத்துத் தடவை சொல்கிறவள் அன்று ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு டீக்கு வெந்நீர் வைக்கப் போனாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர், முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மாள். எதைக் காட்டினாலும் முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு தாடிப் பொறியாளர். கையில் பலகையும் காகிதமுமாக ஒரு எழுத்தர். டிரைவர் குடை பிடித்து அழைத்து வந்து, ஈரக் காலோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

அண்ணன் நன்றாகப் பேசினான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. சுண்டுவிரலையும் கட்டைவிரலையும் மடக்கிக்கொண்டு மூன்று விரலை நீட்டினான்.

"இதை எண்ணெய்னு வெச்சுக்குங்க மேடம். உள்ளங்கைதான் கிளிசரின்..."

தலைவர் அம்மாள் ரசித்துக் கேட்டார். "அழகா சொல்றீங்களே. நீங்க வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்." பாப்பா டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் கையில் மூன்று விரல் வெளியே தெரிந்தன. அவற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

எண்ணெய் அறுபது டிகிரிக்குச் சூடானது. அண்ணன் சாம்பலை எடை போட்டு மெத்தனாலில் கலந்து ஊற்றினான். கலக்கும் இயந்திரம் ஒரு மணி நேரம் சுற்றியது. ஒழுங்காகப் போனால் முதலில் கலங்கும், அப்புறம் மெலியும். சுற்றும் சத்தமே லேசாகும். பாப்பா வெந்நீர்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டாள். லேசாகவில்லை. முக்கிக்கொண்டே சுற்றியது, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவது போல.

உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றினார்கள். "இருபது நிமிஷத்துல கோடு விழும் பாருங்க" என்றான் அண்ணன். இருபது நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. குடுவையில் மேல் கீழ் என்று எதுவுமில்லை. பழுப்பாக, திட்டுத்திட்டாக, கஞ்சி ஆறியது போல ஒன்று நின்றது. பொறியாளர் கண்ணாடிக் குச்சியை விட்டுத் தூக்கினார். கொழகொழவென்று இழை இழையாக வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார். நுரைத்தது.

"சோப்பு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

தலைவர் அம்மாள் எழுந்து மேஜைக்குப் போனார். அட்டையைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி, வழக்கம்போல் அடியைப் பார்த்தார். கண்ணாடியின் வெட்டுக்குள் சாம்பல் பிசினாக ஒட்டியிருந்தது. "இதை எப்படி வெச்சிருந்தீங்க? திறந்தேவா?"

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் காதில் விழுந்த ஒரு வாக்கியம் இப்போதுதான் உள்ளே இறங்குவது அவன் முகத்தில் தெரிந்தது. அவன் தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. முதலில் எடுத்தது அவன்தான்.

"சாம்பல் எல்லாம் என் தங்கச்சி பொறுப்பு மேடம். எரிக்கறது, வெளுக்கறது, வெக்கறது எல்லாமே அவதான். முழுக்க முழுக்க அவதான்."

எழுத்தர் பேனாவைத் தூக்கினார். "பேரு?"

அண்ணன் சொன்னான். பாப்பா என்று அல்ல. தலைப்பெழுத்தோடு, முழுப்பெயர். எழுத்தருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் திரும்பச் சொன்னான். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுத்த நாட்களுக்குப் பிறகு அந்தப் பெயரை இவ்வளவு முழுசாக அவள் கேட்டதில்லை. கொட்டகையில் அது யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி ஒலித்தது.

தலைவர் அம்மாள் அவளிடம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "நீங்க சொல்லுங்கம்மா. என்ன ஆச்சு?"

"மூடி போட்டிருக்கணும் மேடம்."

"மூடி வெச்ச சாம்பல் வேற ஏதாவது இருக்கா? இருந்தா நாங்க இன்னும் ரெண்டு மணி நேரம் காத்திருக்கோம். எண்ணெய்தான் இருக்குதே."

உலை ஆறடி தூரத்தில் இருந்தது. அதன் பின்னால் அலமாரி, அலமாரியில் டின், டின்மேல் நாடா. அவள் கையை நீட்ட வேண்டியதுதான். நீட்டினால் கோடு விழும், தேன் நிறத்தில். அந்தத் தேன் அண்ணனின் பெயருக்கு நேரே போய்ச் சேரும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. ஆனால் டின்னை எடுத்து வைத்த மறுநொடி அந்த அம்மாள் கேட்பார்: காலையிலேயே ஏன் எடுக்கவில்லை? ஏழு மணிக்கு வந்தவள் பத்து மணிவரை என்ன செய்தாய்? அந்தக் கேள்விக்கு அவளிடம் மூடி இல்லை.

வாசலில் டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல மேடம். இவ்வளவுதான்."

டிரைவர் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். எழுத்தர் எழுதினார்.

கார் போன பிறகு அண்ணன் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்த வார்த்தைகள் தயாராக இருந்தன. அவன் எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினான்.

"விடு பாப்பா. யாருக்குத்தான் தப்பு வராது. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலை."

மன்னித்துவிட்டான். காலையில் நடந்ததை அதற்குள் தன் மனதிலேயே மாற்றி எழுதிவிட்டான். கிண்ணத்தைக் கழுவித் துணியில் சுற்றி, அண்ணியிடம் பத்திரமாகக் கொடுக்க எடுத்துக்கொண்டு போனான்.

டிரைவர் கேன்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துவிட்டு, அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

"பாப்பாம்மா. உதிரி டயர் ஒண்ணு இருந்துச்சே."

"இருக்குது."

"நல்லா இருக்குதா?"

அவள் உலைக்குப் பின்னால் போனாள். டின்னை எடுத்து நாடாவைக் கிழித்தாள். சாம்பல் மாவு மாதிரி சரிந்தது. மிச்சமிருந்த எண்ணெயில் ஒரு லிட்டர் எடுத்து, சூடு பார்த்து, கலந்து, ஒரு மணி நேரம் சுற்ற விட்டாள். சத்தம் லேசாயிற்று. குடுவையில் ஊற்றிப் பதினெட்டாவது நிமிடம் கோடு விழுந்தது. டிரைவர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மழை விட்டிருந்தது, தேனுக்குள் வெயில் நின்றது.

"இப்பவே போன் போட்டு அவங்களைத் திரும்பக் கூப்பிட்டா என்ன?"

"கூப்பிட்டு? இல்லன்னு சொன்னவ எங்கருந்து எடுத்தான்னு கேப்பாங்க. கிண்ணத்துல கொட்டினது யாருன்னும் கேப்பாங்க. அண்ணன் ஒரு பொய், நான் ஒரு பொய். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்." அவள் சிரித்தாள். "அப்ப மட்டும் ரெண்டு பேரு பேரும் ஒண்ணா வரும்."

டிரைவர் குடுவையை மேஜையில் வைத்தார். ஒரு மூடியைத் தேடி எடுத்து, டின்னை அவரே மூடினார்.

பத்து நாளில் காஸ்டிக் சோடா மூட்டைகள் மறுபடி வந்து இறங்கின. தோல் மூட்டைகள் பழையபடி குப்பை லாரிக்குப் போயின. ஈக்களும் கூடவே போயின. பெரிய பீப்பாயில் கிடந்த சோப்பைப் பாப்பா தரை கழுவப் பயன்படுத்தினாள். நன்றாகவே அழுக்குப் போயிற்று.

குழுவின் அறிக்கையும் வந்தது. அண்ணன் அதை ஒருமுறை படித்துவிட்டு மேஜையில் எறிந்தான். "இந்தா, வெச்சுக்கோ. உன் பேருதான் வந்திருக்குது."

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அச்சில், முத்திரைக்கு மேலே. "வினையூக்கிச் சாம்பல் தயாரிப்பு, பராமரிப்பு: முழுப் பொறுப்பாளர்" என்று போட்டு அவள் முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு. எழுத்துப்பிழைகூட இல்லை. அதற்கு அடுத்த வரி: "இவரது கவனக்குறைவால் மாதிரி ஈரமடைந்து சோதனை தோல்வியுற்றது. மாற்று மாதிரி இல்லை."

அன்று மாலை அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போனாள். மாடிப்படிக்குக் கீழே நின்று, தன் பெயருக்குச் சரியாக அடியில் ஒரு மடிப்பு மடித்தாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். பெயர் மேலே, அடுத்த வரி உள்ளே. இன்னொரு முறை தேய்த்தாள்.

படியேறிப் போய்த் தட்டினாள்; வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த அறை தெரிந்தது. அதே ஒற்றை ஜன்னலோடு இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"காகிதம் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்மா. பேரு போட்டு, முத்திரை போட்டு."

அம்மா வாங்கினாள். முழுப் பொறுப்பாளர் என்பதை வாய்விட்டுப் படித்து, பரவாயில்லையே என்று புருவத்தைத் தூக்கினாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தாள்.